பிரஷர் 214: நாக்கடி மாத்திரையா, ஊசியா, 108-ஆ?

இரவு ஒன்பதரைக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். போன மாதமும் அப்படித்தான் வந்தது. பழைய வண்ணாரப்பேட்டைப் பையன் ஒருவன் வண்டியை அணைக்காமலே செல்போனை நீட்டினான். வீட்டு பி.பி. மெஷினைப் படம் பிடித்து வைத்திருந்தான்: 214/118.

“நாக்கு அடில வெக்கிற மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணா, அப்பாவுக்கு.”

“அப்பா இப்ப என்ன பண்றாரு?” என்று கேட்டேன்.

“டிவி பாக்குறாரு. தலை பாரமா இருக்குன்னாரு, அதான் அளந்து பாத்தோம்.”

பாதி முடிவு அந்தப் பதிலிலேயே வந்துவிட்டது. அதே 214-க்கு “பேச்சு குழறுதுண்ணா” என்று சொல்லியிருந்தால் முடிவு வேறு. “படுக்க முடியல, மூச்சு வாங்குது” என்றால் இன்னொன்று. “அக்காவுக்கு எட்டு மாசம்” என்றால் மொத்தமாகவே வேறு. நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. ஆனால் கால் நூற்றாண்டுக்கு மேலாக வடசென்னையில் டி.எச். ரோட்டை ஒட்டிய தெருவில் மருந்துக்கடை நடத்துகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மருத்துவர்களைவிட நாங்கள்தான் அதிகம் பார்க்கிறோம். அந்த அரைமணியில் கைக்கு எட்டும் வழிகள் ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றும் யாருக்கு ஆகும், யாரை வம்பில் மாட்டிவிடும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணும் ஆளும்

மேல் அழுத்தம் 180, கீழ் அழுத்தம் 120. இவற்றைத் தாண்டினால் ஆபத்தான உயரம் என்று மருத்துவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் கோட்டைத் தாண்டிய எல்லோரும் ஒரே வகை இல்லை. மூளை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கண், பெருந்தமனி இவற்றில் ஏதாவது ஒன்று அந்த அழுத்தத்தால் இப்போதே அடிவாங்கிக்கொண்டிருந்தால்தான் அது அவசரநிலை. எதுவும் அடிவாங்கவில்லை என்றால் எண் மட்டும் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க இதய சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், அறிகுறி இல்லாத இந்த இரண்டாவது வகையை ‘அவசரம்’ என்ற சொல்லால் அழைப்பதையே விட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் மருந்தைக் கொட்டிக் குறைக்கத்தான் கை போகிறது என்பது காரணம்.

ஆகவே மெஷினைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று தொய்கிறதா, பேச்சு தடுமாறுகிறதா? பேச்சைச் சோதிக்க ‘ஏழைக் கிழவன் வாழைப்பழம்’ சொல்லச் சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்தில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ழகரம் வராது. தன் தெருப் பெயரையும் பேரப்பிள்ளை பெயரையும் சொல்லச் சொன்னால் போதும். அடுத்து நெஞ்சுவலி, முதுகைக் கிழிக்கிற மாதிரி திடீர் வலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, இதுவரை வந்தே இராத அளவுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

ஒன்றுமே இல்லை, தலை லேசாகப் பாரமாக இருக்கிறது என்றால் நேரம் இருக்கிறது. ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் உட்காரட்டும். டிவியை அணையுங்கள். சீரியல் ஓடும்போது அளந்த பி.பி.யில் பாதி அந்த மாமியாருடையது. அரைமணி கழித்து மறுபடி அளக்கலாம்.

எந்த மருந்தும் இல்லாமல் வெறுமனே உட்காரவைப்பது ஒரு சிகிச்சையா என்று கேட்பார்கள். ஆமாம், ஒப்பீட்டில் முதல் இடம் அதற்குத்தான். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனைக் குழுமத்தில், அறிகுறி இல்லாமல் பி.பி. இப்படி ஏறியிருந்த 58,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு, வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைவிடக் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. இன்றிரவே குறைத்தாக வேண்டும் என்ற பதற்றம்தான் அந்தக் கூட்டத்துக்கு உண்மையான ஆபத்து.

நாக்குக்கு அடியில் வைக்கும் சங்கதி

அந்தப் பையன் கேட்டது நிஃபெடிபின். எண்ணெய் மாதிரித் திரவம் அடைத்த சின்ன கேப்ஸ்யூல். ஒரு காலத்தில் அதை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்துவிடுவது ஊர் உலகமெல்லாம் நடந்த வழக்கம். அப்படிச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று 1996-லேயே அமெரிக்க மருத்துவ சங்க இதழில் எழுதிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேரத் தாமதமானது.

1998 என்று நினைவு. நான் கடை வேலைக்குச் சேர்ந்த புதிது. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, பிரஷர் 230 என்று எழுதிய துண்டுச்சீட்டோடு வந்தார். கூட வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். மருத்துவர் சீட்டு இல்லை. குண்டூசியால் குத்திப் பிழிந்து கொடுத்தது நான்தான். இருபது நிமிடத்தில் அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கண் சொருகிவிட்டது. மறுபடி அளந்தபோது மேல் அழுத்தம் 110. எண்ணைப் பார்த்து நல்ல பி.பி. என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஸ்டான்லிக்கு ஓடினோம். உயிர் பிழைத்தார், வலது கை பழைய மாதிரி வரவில்லை. அதற்கப்புறமும் பல வருடம் என் கடைவழியாக மீன்கூடையோடு போவார், இடது இடுப்பில்.

110 ஏன் அவரை வீழ்த்தியது? எங்கள் பக்கத்து வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறும் கதைதான். வருடக்கணக்கில் மோட்டார் முழு வேகத்தில் ஓடிப் பழகிய கட்டடம் அது. திடீரென்று பாதி வேகமாக்கினால் கீழ்வீட்டில் குழாய் ஒழுங்காகக் கொட்டும், மேல்மாடிக் குழாயில் காற்றுதான் வரும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓர் அளவுக்குள் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தாமே சுருங்கி விரிந்து ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். நீண்டநாள் பிரஷர்காரருக்கு அந்த அளவே மேலே நகர்ந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் போதுமான 110, அவர் மூளைக்குப் பஞ்சம்.

இதனால்தான் உண்மையான அவசரத்திலும் முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தைக் கால்பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது பொது விதி. சராசரி என்பது கீழ் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கி மேல் அழுத்தத்தோடு கூட்டி மூன்றால் வகுப்பது. பையனின் அப்பாவுக்கு 214/118 என்றால் சராசரி 150. ஒரு மணி நேரத்தில் அது 112-க்குக் கீழே போகக் கூடாது. அடுத்த சில மணி நேரத்தில் 160/100-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் போதும், பிறகு ஓரிரு நாளில் சாதாரண நிலைக்கு. குண்டூசியால் குத்திப் பிழிந்த கேப்ஸ்யூலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எவ்வளவு குறைக்கும், எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதயத்துடிப்பையும் எகிறவைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: நாக்குக்கு அடியில் அது பெரிதாக உறிஞ்சப்படுவதே இல்லை. எச்சிலோடு வயிற்றுக்குப் போன பிறகுதான் வேலை செய்கிறது.

அடுத்தது, வீட்டில் இருக்கும் தினசரி பிரஷர் மாத்திரை, அதாவது அம்லோடிபின், இன்னொன்றைப் போட்டுக்கொள்வது. இதைக் கேட்காத நாளே இல்லை. அது உடம்பில் உச்சத்துக்கு வர 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அரைமணியில் குறையவில்லை என்று இரண்டாவது, மூன்றாவது போட்டவர் அடுத்த நாள் காலை குளியலறையில் தலைசுற்றி விழுவார். இன்று போட வேண்டியதைப் போட மறந்திருந்தால் அதைப் போடுங்கள். அது கூடுதல் மாத்திரை இல்லை, பாக்கி மாத்திரை. எங்கள் பக்கம் 200 தாண்டுகிறவர்களிடம் துருவினால் பெரும்பாலும் இந்தப் பாக்கிதான் வெளியே வரும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதிலிருந்து நிறைய வீடுகளுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை கொண்டுவரும் அக்கா வந்த அன்று வீடு பூட்டியிருந்தால், அட்டை தீர்ந்த பிறகு வாங்க ஆளில்லை.

கேப்டோபிரில் பற்றியும் சொல்ல வேண்டும். நிஃபெடிபினை ஒதுக்கிய பிறகு பல நாட்டு மருத்துவர்கள் அறிகுறி இல்லாத உயர் அழுத்தத்துக்கு இதைத்தான் எடுக்கிறார்கள். 15 முதல் 30 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், அத்தனை முரட்டுத்தனம் இல்லை. ஆனால் கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. இரண்டு சிறுநீரகத் தமனியும் சுருங்கியவருக்கும் ஆகாது. ஆகவே மருத்துவர் பக்கத்தில் இருந்து அளந்து கொடுக்க வேண்டிய மருந்து இது.

தெருமுனை கிளினிக்கில் ‘பிரஷர் ஊசி’ என்று போட்டு அனுப்புவது பெரும்பாலும் ஃபுரோசமைட், மக்கள் வாயில் லேசிக்ஸ். ஒன்றுக்கு நிறையப் போகும், மனசுக்கு ஏதோ நடந்த மாதிரி இருக்கும். உடம்பில் தண்ணீர் தேங்காதவருக்கு அதில் லாபம் குறைவு. பிரஷர் கடுமையாக ஏறிய சிலருக்கு ஏற்கெனவே உடம்பில் நீர் குறைந்திருக்கும். அவரிடமிருந்து இன்னும் பிழிந்தால் சிறுநீரகம்தான் முனகும்.

அறிகுறி இல்லாதவருக்கு என் வரிசை இதுதான்: ஓய்வு, விட்டுப்போன மாத்திரை, மறுநாள் காலை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். கேப்டோபிரில் மருத்துவர் கையில். பிழியும் கேப்ஸ்யூல் வேண்டவே வேண்டாம்.

பக்கவாதத்தில் கையைக் கட்டிக்கொள்வது

இதுதான் ஏற்றுக்கொள்ளக் கடினமானது. கண் எதிரே ஒருவர் வாய் கோணி உட்கார்ந்திருக்கிறார், பிரஷர் 200. குறைக்காதே என்றால் யாருக்குக் கோபம் வராது?

பக்கவாதம் இரண்டு வகை. ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். அடைப்பாக இருந்தால் அந்த உயர்ந்த அழுத்தம்தான், அடைப்பைச் சுற்றிச் சாகக் கிடக்கும் மூளைப் பகுதிக்குக் கொஞ்சமாவது ரத்தம் தள்ளுகிறது. அதைக் குறைத்தால் அந்தப் பகுதியும் போகும். அதனால் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கப் போவதில்லை என்றால் ஆஸ்பத்திரியிலேயே 220/120 வரை பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். கட்டி கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் மட்டும் 185/110-க்குக் கீழே கொண்டுவருவார்கள். கசிவாக இருந்தால் நேர் எதிர்: சீக்கிரம் குறைத்தால் நல்லது.

சரி, ஆம்புலன்ஸிலேயே குறைத்துப் பார்க்கலாமே என்று உலகம் சோதிக்காமல் இல்லை. பிரிட்டனில் 1,149 பேருக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நைட்ரோகிளிசரின் பட்டையையோ போலிப் பட்டையையோ தோளில் ஒட்டிப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது: பயனில்லை, கசிவு உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யுமோ என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சியது. நெதர்லாந்தில் அதே பட்டையை வைத்து நடந்த இன்னொரு சோதனையை, கசிவு உள்ளவர்களின் பாதுகாப்பு பற்றிய கவலையால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது சீனாவில் நடந்து 2024-இல் வெளிவந்தது. 2,404 பேர். ஆம்புலன்ஸிலேயே யூராபிடில் என்ற ஊசி மருந்து. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் கதை தெரிந்தது. கசிவு இருந்தவர்களுக்கு, அவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு, நன்மை. அடைப்பு இருந்தவர்களுக்குத் தீமை. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பூஜ்யமாக நின்றது. ஒரே ஊசி ஒருவரைக் காப்பாற்றி, பக்கத்து ஸ்ட்ரெச்சரில் இருப்பவரைக் கெடுத்திருக்கிறது. யாருக்கு எது என்று சொல்லக்கூடியது சி.டி. மாதிரியான ஸ்கேன் மட்டும்தான். அது நம் கடையிலும் இல்லை, ஆம்புலன்ஸிலும் இல்லை.

ஆகவே பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் பிரஷருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும். ஆஸ்பிரினும் கூடாது, கசிவாக இருந்தால் எரிகிற வீட்டில் எண்ணெய். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் பேச்சு குழறும். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று யோசித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கடிகாரம் அப்போதிலிருந்து ஓடுகிறது. கேஸ் ஷீட்டில் மற்ற எதையும்விட முதலில் கேட்பது அதைத்தான்.

மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால்

பக்கவாதத்தில் சும்மா இரு என்றேன். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் அதற்கு நேர்மாறு. இரவு தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, படுக்க முடியாமல், கொப்பளிக்கிற மாதிரி மூச்சுவிட்டு, பிரஷர் 220-இல் நிற்பவருக்குச் சில நிமிடங்களே மூலதனம். இங்கே ஆஸ்பத்திரி சேரும் முன்பே மருந்து கொடுப்பது உயிர் காக்கும். அந்த மருந்து நைட்ரோகிளிசரின். நாக்குக்கு அடியில் வைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, திணறும் இதயத்தின் சுமையை இறக்கும். அதன் வேலை சீக்கிரமே தீர்ந்துவிடுவதால் கை மீறிப் போவது குறைவு. நிஃபெடிபினுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். கூடவே முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுத் தரும் கருவி கிடைத்தால், தொண்டையில் குழாய் போடும் நிலை பலருக்குத் தவிரும்.

லேசிக்ஸ் இங்கே உதவும், ஆனால் இரண்டாவதாக. சிறுநீர் நன்றாக இறங்க அரைமணி ஆகும். திடீரென்று பிரஷர் ஏறி வந்த நீர்க்கோப்பில் பல நேரம் உடம்பில் நீர் கூடியிருக்காது, இடம் மாறியிருக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை வீட்டார் செய்ய வேண்டியது: காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்காரவைப்பது. படுக்கவைத்து விசிறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

நெஞ்சுவலியோடு பிரஷர் என்றால் நம் ஊர் வழக்கில் நாக்கடியில் போவது சார்பிட்ரேட், அதாவது ஐசோசார்பைடு டைநைட்ரேட். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவருக்கு, மேல் அழுத்தம் தாழாமல் இருக்கும்போது, உட்கார்ந்தபடி வைத்துக்கொள்வது சரி. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை, அதாவது முந்தின நாள் சில்டெனாஃபில் போட்டாரா, இரண்டு நாளுக்குள் டடாலாஃபில் போட்டாரா? போட்டிருந்தால் அதுவும் சார்பிட்ரேட்டும் சேர்ந்து பிரஷரைப் பாதாளத்துக்குத் தள்ளும். மனைவியும் மகனும் சுற்றி நிற்கும்போது எந்த மனுஷன் உண்மை சொல்வான்? நான் கூட்டத்தைக் கொஞ்சம் விலக்கிவிட்டுக் காதோடு கேட்பேன். இரண்டு முறை தலையாட்டல் கிடைத்திருக்கிறது.

மாரடைப்புக்கென்று ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த முதல் தவணை 2023 முதல் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நெஞ்சுவலி முதுகுக்குத் தாவிக் கிழிக்கிற மாதிரி இருந்தால், இரண்டு கையிலும் பி.பி. வெகுவாக வேறுபட்டால், பெருந்தமனி சுவர் கிழிந்திருக்கலாம். அதற்கு மட்டும் அந்தக் கால்பங்கு விதி பொருந்தாது. மேல் அழுத்தத்தை 120-க்கும் துடிப்பை 60-க்கும் கீழே வேகமாகக் கொண்டுவர வேண்டும். அதுவும் முதலில் துடிப்பைக் குறைக்கும் எஸ்மோலால், லேபெடலால் போன்றவற்றை ரத்தநாளம் வழியாகக் கொடுத்து, மானிட்டர் பார்த்தபடி. வீட்டிலோ கடையிலோ செய்ய ஒன்றும் இல்லை.

கர்ப்பிணிக்குக் கணக்கு வேறு

இந்தக் கட்டுரை முழுக்க நிஃபெடிபினைத் திட்டினேன். இங்கே அதற்கு நியாயம் செய்ய வேண்டும்.

கர்ப்பத்தில் 160/110 வந்தாலே அவசரம், 180 வரை காத்திருக்கக் கூடாது. அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்தாக வேண்டும். அதில் முன்வரிசையில் நிற்பது, விழுங்கும் நிஃபெடிபின். குத்திப் பிழிவது இல்லை, தண்ணீரோடு முழுங்குவது. நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில் 894 கர்ப்பிணிகளிடம் நிஃபெடிபின், லேபெடலால், மெத்தில்டோபா மூன்றையும் வாய்வழி கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வந்தது. ஆறு மணி நேரத்தில் பாதகம் இல்லாமல் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபினில் 84 சதவீதம், லேபெடலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. ஊசி ஏற்றவோ மானிட்டர் வைக்கவோ வசதி குறைந்த இடத்திலும் மூன்றுமே பயன்படும் என்பதுதான் அதன் பெரிய செய்தி. நம் நாட்டுப் பெண்களிடம், நம் அரசு ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வு என்பதால் எனக்கு இன்னும் நம்பிக்கை.

வலிப்பு வந்துவிட்டால், அல்லது வரும்போல் தலைவலியும் கண்ணில் மின்னலும் மேல்வயிற்று வலியும் இருந்தால், மருந்து மெக்னீசியம் சல்பேட். இது பிரஷர் மருந்து இல்லை, வலிப்பைத் தடுப்பது. கிராமச் செவிலியர்கூட இரண்டு பிட்டத்திலும் ஐந்து ஐந்து கிராம் முதல் தவணை போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று அரசு வழிகாட்டுதல் இருக்கிறது. வடசென்னையில் இப்படிப்பட்ட கர்ப்பிணியை எங்கே கொண்டுபோவது என்று யாரும் யோசிப்பதில்லை. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி என்று ஆட்டோக்காரரே சொல்வார். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் இது வரலாம், ஆறு வாரம் வரை. தலைவலி என்று பச்சை உடம்புக்காரிக்கு மாத்திரை வாங்க வரும் கணவர்களிடம் நான் முதலில் பி.பி.யைத்தான் கேட்பேன்.

ஆட்டோவா, 108-ஆ

மருந்தை ஒப்பிட்டாயிற்று, வண்டியையும் ஒப்பிட வேண்டும். கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால் உள்ளே இருப்பது யார் என்று ரயிலுக்குத் தெரியாது. மழைநாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை குளமாகும். எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை. ஆட்டோ சந்துக்குள் நுழையும், சீக்கிரம் கிளம்பும். 108-இல் ஆக்ஸிஜன் இருக்கும், படுக்கவோ உட்காரவைக்கவோ முடியும், மருத்துவ உதவியாளர் மையத்து மருத்துவரிடம் போனில் கேட்டு மருந்து கொடுப்பார்.

மூச்சுத்திணறல், வலிப்பு, நினைவு தப்பியவர்: 108-க்குக் காத்திருப்பதுதான் சரி, வழியில் உதவி தேவைப்படும். பக்கவாதம், நினைவோடு இருக்கிறார், 108 வரத் தாமதமாகும் என்கிறார்கள், வாசலில் கார் நிற்கிறது: கிளம்புங்கள். இங்கே ஓட்டம் மருந்தைவிடப் பெரிது. ஆனால் கிளம்பினால் நேராக சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு. எங்கள் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ. வழியில் ஏதாவது நர்சிங் ஹோமில் இறங்கி “பிரஷரை மட்டும் கொஞ்சம் குறைச்சுடுங்க” என்று கேட்டு ஒன்றரை மணி நேரம் தொலைத்த ஒரு குடும்பம் என் தெருவிலேயே இருக்கிறது. பிரஷர் குறைந்தது, கெடு முடிந்தது.

கையில் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: போடும் மாத்திரைகளின் அட்டை, நேரம் எழுதிய தாள், அளந்த எண்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மருந்து போடுகிறவர் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. மாத்திரை கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனான். அரைமணி உட்காரவைத்து அளந்தபோது 188/106. விசாரித்ததில், ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனவர் மாத்திரையை இங்கேயே வைத்துவிட்டுப் போய் நாலு நாள் போடவில்லை. காலையில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் மருந்தைத் தொடர்ந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அப்பாவையே கடைக்கு அழைத்து வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷர், கை என் தொடை தண்டி இருந்தது. வீட்டு மெஷினோடு வந்த கைப்பட்டையை மாட்டிப் பார்த்தேன், ஒட்டுப்பட்டை விளிம்பில் மட்டும் ஒட்டி, காற்று ஏறும்போது பிய்த்துக்கொண்டு வரப் பார்த்தது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டையில் அளந்தால் மேல் அழுத்தம் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டும் என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

“அப்போ அன்னிக்கு 214 இல்லியாண்ணா?”

“190-ஓ 195-ஓ இருந்திருக்கும்.”

பெரிய பட்டை கடையில் இருப்பில் இல்லை. ஆர்டர் போட்டிருக்கிறேன்.